சுலோசனாவின் மூன்று அனார்கலிகள்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சுலோசனா என்றதும் நம்மில் பலருக்கு ஓர் அத்தையோ பெரியம்மாவோ நினைவுக்கு வரலாம். நான் பேச வந்திருக்கும் ஊமைப்பட நடிகை சுலோசனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். 1907-இல் புனேயில் பிறந்த பாக்தாதி யூதப் பெண். பார்த்த வேலை டெலிபோன் ஆபரேட்டர்.

அந்த வேலையைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். எதிரே துளைகள் நிறைந்த பலகை, காதில் ஹெட்போன், கையில் செருகுகிற கம்பி. அழைப்பவர் முகம் இவருக்குத் தெரியாது, இவர் முகம் அவருக்கும் தெரியாது. குரல்தான் பிழைப்பு. அப்படிப்பட்டவர் குரலே இல்லாத சினிமாவில் கொடிகட்டிப் பறந்தார். பிறகு சினிமா பேச ஆரம்பித்தபோது, பேச்சே இவருக்கு வினையாக வந்து நின்றது.

கோஹினூர் பிலிம் கம்பெனியின் மோகன் பவ்னானி வந்து கேட்டபோது முதலில் முடியாது என்றுதான் சொன்னார். சினிமாவில் நடிக்கும் பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்று அவருக்குத் தெரியாதா? பவ்னானி விடவில்லை. கடைசியில் சம்மதித்தார். நடிப்பில் அரிச்சுவடிகூடத் தெரியாது. சுலோசனா என்று பெயர் வைத்தார்கள், அழகிய கண்ணுடையவள் என்று பொருள். ஊமைப்படத்துக்கு அதைவிட என்ன முதல் வேண்டும்?

ரெனீ ஸ்மித் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் சீதா தேவி ஆனதும் இதே வழியில்தான். நம் குடும்பப் பெண்கள் கேமரா பக்கம் வரப் பயந்த காலத்தில், நம் கதைகளின் நாயகிகளாக நின்றவர்களில் பலர் இவர்கள். பெயரை மாற்றினால் போதும். வாயைத் திறந்தால்தானே மொழி தெரியுமா என்று கேட்பார்கள்!

ஊமைப்பட ஷூட்டிங் ஊமையாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கேமராக்காரர் கையால் கைப்பிடியைச் சுற்றுவார். டைரக்டர் பக்கத்தில் நின்று, 'திரும்பு, இப்போது அழு' என்று கத்தலாம், எதுவும் படத்தில் பதியாது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் கண்ணீர் வர வேண்டும். கொட்டகையிலும் ஒரே சத்தம்தான். ஆர்மோனியம், தபலா, அதற்கு மேல் திரையில் வரும் எழுத்தை வாசித்துச் சொல்ல ஓர் ஆள்.

1927-இல் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' என்ற படத்தில் சுலோசனாவுக்கு எட்டு வேடம். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஐதராபாத் கனவான், தெருப்பையன், வெள்ளைக்காரி, வாழைப்பழம் விற்கும் கிழவி என்று போகும் பட்டியல். நவராத்திரியில் நடிகர் திலகத்தின் ஒன்பது வேடத்தைக் கொண்டாடுகிற நாம், அதற்கு முப்பத்தேழு வருஷம் முன்பே ஒரு பெண், அதுவும் வசனத்தின் துணையே இல்லாமல், ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி வந்ததை எங்கே பேசுகிறோம்?

அடுத்து இம்பீரியல் கம்பெனி, முதலாளி அர்தேஷிர் இரானி. 1931 மார்ச் 14, பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'. எடுத்தது அதே இரானி. கம்பெனியின் பெரிய நட்சத்திரம் சுலோசனா, ஆனால் கதாநாயகி சுபைதா. சுலோசனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வராது.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்று குறுக்கே வருகிறது. அதே வருஷம் அக்டோபர் 31-இல் சென்னையில் வெளியான 'காளிதாஸ்' படத்தை எடுத்ததும் இம்பீரியல்தான். திருவையாற்றுப் பெண் டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேசிப் பாடினார். நாடக மேடையில் பாடித் தேறியவர். அவர் நடித்த ஊமைப்படங்களில் அந்தச் சாரீரம் வீணாகப் போயிருந்தது. ஒரே கம்பெனி, ஒரே மைக். ஒருவருக்கு வாசல் திறந்தது, இன்னொருவருக்குச் சாத்திக்கொண்டது.

சுலோசனா புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. புகழின் உச்சியில் இருந்தவர் ஒரு வருஷம் ஒதுங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இந்துஸ்தானி படித்தார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான். எட்டு வேடம்கூட இதற்கு அப்புறம்தான். 1932-இல் தன் பழைய ஊமைப்படமான 'மாதுரி'யையே பேச்சோடு நடித்துத் திரும்பி வந்தார். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பம்பாய் கவர்னரைவிட அதிகம் என்று ஊர் பேசியது. 1935 இந்திய அரசுச் சட்டப்படி கவர்னருக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் பத்தாயிரம். கணக்கு உதைக்கிறது. ஆனாலும் ஒரு நடிகையைக் கவர்னரோடு நிறுத்திப் பார்க்க ஊருக்குத் தோன்றியதே, அது போதாதா?

பிறகு வாய்ப்புகள் குறைந்தன, சின்னச் சின்ன வேடங்கள் வந்தன. 1973-ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. 1983-இல் பம்பாயில் காலமானார்.

அனார்கலி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! 1928-இல் ஊமை அனார்கலி, நாயகி சுலோசனா. 1935-இல் பேசும் அனார்கலி, அப்போதும் அவர்தான். 1953-இல் மறுபடி அதே கதை, இந்தத் தடவை அனார்கலி பீனா ராய். சுலோசனாவுக்கு வயது நாற்பத்தாறு. கூப்பிட்டார்கள், போனார். அனார்கலியின் காதலன் சலீமின் தாயாக நடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.