பணத்தோடு வந்த கடிதம்: சியாவ்பியை ஊர் எப்படிப் படித்தது?

[திரையில்: பழுப்பேறிய உறை, நடுவே செங்குத்தாகச் சிவப்புப் பட்டை]

உறையின் இடப்பக்க வரியைப் பாருங்கள். அது முகவரி இல்லை, தொகை. "இத்துடன் 20 வெள்ளி" என்பது போல வெளியிலேயே எழுதிவிடுவார்கள். உள்ளே என்ன சேதி என்று தெரிவதற்கு முன்பே எவ்வளவு வந்திருக்கிறது என்பது தெருவுக்குத் தெரிந்துவிடும்.

இதன் பெயர் சியாவ்பி. சிங்கப்பூர், பினாங்கு, பாங்காக் என்று பிழைக்கப் போன சீனர்கள், தென்சீனாவின் குவாங்தோங், ஃபூஜியான் பகுதி ஊர்களுக்கு அனுப்பியது. கடிதமும் பணமும் ஒன்றாகவே போகும். முதலில் கப்பலில் போய்வரும் ஆட்களிடம் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் இதற்கென்றே கடைகள் முளைத்தன. ஃபூஜியானில் 1880-இல் தொடங்கிய தியென்யீ அப்படி ஒன்று. 1928 வரை நடந்தது.

[திரையில்: நடைபாதையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் எழுத்தர்]

அனுப்பியவருக்கு எழுதத் தெரியாவிட்டால், அங்கே கூலிக்கு எழுதிக் கொடுப்பவர் எழுதுவார். இங்கே ஊரில் கடிதம் கொண்டுவந்தவரோ, நாலெழுத்து தெரிந்த உறவினரோ உரக்கப் படிப்பார். மாமியார், மருமகள், சித்தப்பா எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவே படிக்கப்படும் என்று தெரிந்தும் மனைவிக்கு ஆசையாக ஒரு வரி எழுத யாருக்குக் கை வரும்? அதனால் கடிதம் பெரும்பாலும் தாய் பெயருக்கே வரும். தொடக்கத்தில் பணிவான வணக்கம்; முடிவில் "இங்கே சுகம், கவலை வேண்டாம்". நம் வீட்டுப் பழைய கடிதங்களின் "நலம், நலமறிய ஆவல்" மாதிரிதான். உண்மையில் சுகமா என்று அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது.

காது கூர்மையாவது அடுத்த பகுதியில்தான். பாட்டிக்கு 2 வெள்ளி, பெரிய அத்தைக்கு 1, மீதி வீட்டுச் செலவுக்கு. இப்படிப் பங்கு பிரித்தே எழுதுவார்கள். அத்தைக்குப் பாட்டியின் பங்கும் தெரியும், சித்தப்பாவுக்குத் தன் பெயர் விட்டுப்போனதும் தெரியும். பாசமும் மனத்தாங்கலும் இந்தத் தொகைகளில்தான் இருந்தன என்பது என் எண்ணம். வணக்க வரிகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கொண்டுவந்தவர் உடனே கிளம்பிவிட மாட்டார். பதிலுக்கென்று கூடவே வந்த சின்னத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் போவார், எழுதத் தெரியாத வீடென்றால் அவரே எழுதுவார். பணம் வந்தது, சொன்னபடி பிரித்துக் கொடுத்தாயிற்று என்று. கூரை ஒழுகுகிறது, அரிசி விலை ஏறிவிட்டது என்பதும் அதிலேயே ஏறும். கடைக்காரருக்கு அது ரசீது. அனுப்பியவருக்கு அதுதான் ஊர்க் கடிதம்.

[திரையில்: தென்சீனக் கடல் வரைபடம்]

1939-இல் ஜப்பானியப் படை குவாங்தோங்கின் சாந்தோ துறைமுகத்தைப் பிடித்தது. 1941 டிசம்பரில் போர் தென்கிழக்காசியாவுக்கும் பரவ, பணம் வரும் வழி அடைபட்டது. வியட்நாம் எல்லையில் உள்ள தோங்ஷிங் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து பார்த்தார்கள். எல்லா வீட்டுக்கும் அது போதவில்லை. 1943-இல் சாந்தோ வட்டாரத்தில் கொடும் பஞ்சம்.

1970களின் முடிவில் இந்த வேலை வங்கியின் கைக்குப் போனது. 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சியாவ்பி சேர்ந்தது. ஏறக்குறைய 1,60,000 உருப்படிகள். ஒரே வீட்டுக்கு வந்தவை வரிசையாகக் கிடைத்தால் ஆய்வாளருக்கு யோகம்தான். தம்பி எந்த வருடம் பள்ளிக்கூடம் போனான், வீடு கட்ட எப்போது பணம் வந்தது, யாருடைய பங்கு எப்போது நின்றது என்று அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம்.