பொழுது போகுமுன்னே

அன்பான சபை மக்களே, டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் கைவிட்டு தேவனுடைய வாக்குறுதி ஒன்று எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுக்கிறோம். வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோ கண்ணாடியில் ஒட்டுகிறோம். கட்டளை எழுதிய அட்டை எந்தத் தட்டிலும் இருப்பதில்லை. "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று ஒருவருக்கு வந்துவிட்டால், அச்சுப்பிழை என்று நினைத்து வேறு அட்டை கேட்பார். அதுவும் வேத வசனம்தான், லேவியராகமம் 19:13.

"தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்" என்ற வார்த்தை மத்தேயுவிலும் உண்டு, மாற்குவிலும் உண்டு. லூக்கா 9:23-ல் மட்டும் நடுவே ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது: "அனுதினமும்". சிலுவை என்றதும் நாம் நோயையும் கடனையும் நினைக்கிறோம். அவை நாம் கேட்காமலே வருகிறவை. லூக்கா சொல்வது காலையில் எழுந்து நாமாகக் கையில் எடுப்பதை.

வேதத்தின் கட்டளைகள் பலவற்றில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது போகுமுன்னே திருப்பிக் கொடுக்க வேண்டும், அவன் படுக்க வேறு துணி கிடையாது என்பது யாத்திராகமம் 22. கோபமா? "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பது எபேசியர் 4:26. கூலியைப் பற்றி உபாகமம் 24:15 இன்னும் கறாராகப் பேசுகிறது: வேலைசெய்த நாளிலேயே, பொழுது போகுமுன்னே. ஏனென்றால் அவன் ஏழை, அந்தக் காசின்மேல் ஆவலாயிருக்கிறான். திராட்சத்தோட்ட உவமையில், கடைசி மணி நேரம் மட்டும் வேலைசெய்தவர்களுக்கும் முழுக் கூலி கொடுத்த எஜமானுடைய தயாளத்தைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். சாயங்காலம் ஆனவுடனே காரியக்காரனைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கச் சொன்னாரே, அதை எத்தனை பேர் பார்த்தோம்? தயாளம் காட்டுவதற்கு முன் அவர் நியாயப்பிரமாணத்தை நிறைவேற்றியிருந்தார்.

நம் வீட்டுக்கு வருவோம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் என்று பேசியிருந்தால் சனிக்கிழமைதான் கெடு. "திங்கள் வாங்கிக்கோ" என்றால் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உலை எப்படிக் கொதிக்கும்? இது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் தவறுவதில்லை. சில்லறை இல்லை, ஏ.டி.எம்.மில் பணம் இல்லை, கணக்கு முடியவில்லை என்று சின்னச் சின்னக் காரணங்களால் தவறுகிறது. ஆகவே வெள்ளிக்கிழமையே பணத்தை எடுத்து, ஆள்வாரியாகக் கவரில் போட்டு வைத்துவிடுங்கள். ஒன்றாம் தேதி ஊருக்குப் போகிறவர்கள், வீட்டுவேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தை முந்தின நாளே கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். ஆலயக் கட்டட வேலை நடத்தும் கமிட்டியாருக்கும் இதைத்தான் சொல்கிறேன். நன்கொடை வரட்டும் என்று கூலியை நிறுத்தி வைத்து கோபுரம் எழுப்புகிறவர்கள், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற யாக்கோபு 5:4-ஐ வாசித்துப் பாருங்கள்.

கெடு இருப்பது தெரிந்தும் ஏன் தவறுகிறோம்? புத்தாண்டு இரவில் பத்துத் தீர்மானம் எடுக்கிறோம், பொங்கலுக்குள் பத்தும் போய்விடுகிறது. இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் எழுதி, 1548-ல் அச்சான தியானப் பயிற்சிகள் புத்தகத்தில் இருப்பது. அது கத்தோலிக்கருடையதாயிற்றே என்று தள்ளிவிடாதீர்கள். முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரும் அந்த இயேசு சபையார்தான். வழி இது: ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதற்கு இன்றைக்கு இடம் கொடேன் என்று தீர்மானம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், எழுந்ததிலிருந்து ஒவ்வொரு மணி நேரமாக நினைத்துப் பார்த்து, எத்தனை தரம் விழுந்தோமோ அத்தனை புள்ளி ஒரு கோட்டில். இராச் சாப்பாட்டுக்குப் பின் அடுத்த கோட்டில் மறுபடியும் புள்ளிகள். ஒரு நாளைக்கு இரண்டு கோடு, வாரத்துக்குப் பதினான்கு. மேல் கோட்டோடு கீழ்க் கோடு, நேற்றோடு இன்று, போன வாரத்தோடு இந்த வாரம் என்று ஒத்துப் பார்க்க வேண்டும். விழுந்த அந்த நிமிஷமே நெஞ்சில் கைவைத்து வருந்த வேண்டும். நாலு பேர் நடுவில் இருந்தாலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது என்று அவரே சொல்கிறார்.

எடுத்துக்கொள்ளும் குறை எண்ணக்கூடியதாக இருக்கட்டும். "அன்பாயிருப்பேன்" என்பதற்குப் புள்ளி வைக்க முடியாது. "மருமகளை அவள் அம்மா வீட்டைச் சொல்லிக் குத்தமாட்டேன்" என்பதற்கு வைக்கலாம். "ஃபோனில் 'வந்துகொண்டே இருக்கிறேன்' என்று வீட்டிலிருந்தபடியே சொல்லமாட்டேன்" என்பதற்கும் வைக்கலாம். முதல் வாரம் புள்ளிகள் கூடும். கெட்டுப்போனோம் என்று பயப்பட வேண்டாம், முன்பு எண்ணாமல் விட்டது இப்போது கண்ணில் படுகிறது. ஒரு நாள் விட்டுப்போனால் அந்தக் கோட்டை வெறுமையாக விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். ஊகித்து நிரப்பினால் நோட்டும் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். புள்ளி குறைந்த பிறகு வேறு ஆபத்து, பெருமை. வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன் என்று எண்ணிச் சொன்ன பரிசேயனுக்கும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நோட்டை யாருக்கும் காட்டாதீர்கள்.

கடைசியாக, பலர் தொடத் தயங்குவது: எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது. வஞ்சித்து எடுத்தவன் முதலையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனிடம் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 6. 5,000 ரூபாய் என்றால் 6,000. குற்றநிவாரண பலி செலுத்துகிற அன்றைக்கே அதுவும் நடக்க வேண்டும். காணிக்கை போட்டுச் சரிக்கட்டுவது அங்கே கிடையாது. ஆயக்காரனான சகேயு ஐந்தில் ஒன்றோடு நிற்கவில்லை, "நாலத்தனையாக", அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். திருடின ஆட்டை அடித்தோ விற்றோ விட்டவனுக்கு யாத்திராகமம் 22 விதித்த அளவு அது. யாரும் வழக்குப் போடாமலே, திருடனுக்குரிய தண்டனையைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான்.

பணத்தை நீட்டும்போது வார்த்தையைச் சுருக்குங்கள். "ஏதாவது தப்பு நடந்திருந்தா மன்னிச்சிடுங்க" என்பதில் தப்பு செய்தவனே இல்லை. "வரப்பை ரெண்டடி தள்ளிப் போட்டது நான்தான், அண்ணாச்சி" என்று செயலைச் சொல்லுங்கள். "ஆனா நீங்களும்..." என்று தொடங்கினால் வந்த காரியம் கெட்டது. அவர் மன்னிக்காமல் போகலாம், அதற்குக் கெடு வைக்க நமக்கு உரிமை இல்லை. நிலமானால் வாய்வார்த்தை போதாது. சர்வேயரை வைத்து அளந்து, கல்லைப் பழைய இடத்தில் நட்டுக் கொடுங்கள்.

உரியவர் இறந்துபோயிருந்தால்? வாங்கிக்கொள்ள இனத்தான் இருந்தால் அவனிடம். ஒருவரும் இல்லையென்றால் கர்த்தருக்கு, அது ஆசாரியனைச் சேரும் என்கிறது எண்ணாகமம் 5:8. நம் வழக்கில் அது காணிக்கைப் பெட்டி. அப்படிப் போடுகிறவர்கள் கவரின்மேல் பெயர் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வாசித்துவிட்டால் திருப்பிக் கொடுத்தது நன்கொடையாகிவிடும்.