காணாமல் போன மச்சம்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். என் அண்ணன் மகளுக்குக் கல்லூரி அடையாள அட்டைக்குப் படம் தேவைப்பட்டது. என் போனில் எடுத்துக் கொடுத்தேன். பார்த்தவள் முகம் சுருங்கிப்போனது. "அத்தை, இது என்னை மாதிரியே இல்லையே" என்றாள். எனக்கோ அது அச்சு அசல் அவள்தான். உதட்டுக்கு மேலே எங்கள் அம்மாவுக்கு இருந்த அதே மச்சம். அப்புறம் தன் போனில் இருந்த செல்ஃபிகளைக் காட்டினாள். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றில்கூட மச்சம் இல்லை. அவள் அதை அழிக்கவில்லை, பிள்ளைகளே. போனில் பியூட்டி மோடு என்று ஒன்று இருக்கிறதே, அது தானாகவே துடைத்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஸ்னாப்சாட் செயலியில், முகத்தை மாற்றிக் காட்டும் ஃபில்டராக நாய்க்காதும் தொங்கும் நாக்கும் வந்தபோது அது விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனால் காது நழுவும், சிரிப்போம். 2023 பிப்ரவரியில் டிக்டாக்கில் 'போல்டு கிளாமர்' என்ற அழகூட்டும் ஃபில்டர் வந்தது. இங்கே அந்தச் செயலிக்கு 2020-லேயே தடை. ஆனாலும் அந்த வீடியோக்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. பெண்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள், முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார்கள். எதுவும் நழுவவில்லை. முகத்தின் மேல் முகமூடி ஒட்டாமல், செயற்கை நுண்ணறிவு நொடிக்கு நொடி முகத்தையே புதிதாக வரைகிறது என்று வல்லுநர்கள் விளக்கினார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் அடி தூரத்தில் செல்ஃபி எடுத்தால், ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். முதலில் கேமரா மூக்கைப் பெரிதாக்குகிறது. பிறகு ஃபில்டர் அதைச் சீவிக் கொடுக்கிறது. நடுவில் கிடந்து நோவது உங்கள் மனசு.

அந்தக் காலத்தில் நடிகையின் படத்தைப் பார்த்து ஏங்கினோம். "அவள் நடிகை, மேக்கப்" என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் முடிந்தது. இப்போது ஃபில்டர் போட்ட சொந்தப் படத்தையே நீட்டி, "என்னை இப்படி மாற்றுங்கள்" என்று மருத்துவரிடம் கேட்கிறார்கள். இதற்கு 'ஸ்னாப்சாட் டிஸ்மார்ஃபியா' என்று பெயரே வந்துவிட்டது. தன் முகத்திடமே தோற்றுப்போகிறவள் எதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வாள்?

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபமே வருகிறது. 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் போனோ கேட்காமலேயே மாநிறத்தை வெளுக்கிறது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கேமரா செட்டிங்கைத் திறந்து பாருங்கள். பியூட்டி, ஸ்கின் டோன் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் பார்க்கவே பிடிக்காது. என் அண்ணன் மகளும் அப்படித்தான் சொன்னாள். சில நாள் மறுபடியும் போட்டுக்கொள்கிறாள், நான் திட்டுவதில்லை. அடையாள அட்டையில் மட்டும் மச்சத்தோடு இருக்கிறாள்.