எத்தனை நாளாகக் குரல் கம்மியிருக்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கிறவன் நான். என் முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும், "எத்தனை நாளா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். வாய், தொண்டை, குரல் இம்மூன்றிலும் பாதி நோயை அந்தப் பதிலே சொல்லிவிடும்.

சளி பிடிக்கிறது, குரல் கம்முகிறது. பெரும்பாலும் வைரஸின் வேலை. ஓரிரு வாரத்தில் வீக்கம் தானாக வடிந்துவிடும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. தண்ணீர் குடியுங்கள், பேச்சைக் குறையுங்கள். ஆனால் தயவுசெய்து கிசுகிசுக்காதீர்கள். ஓய்வு கொடுப்பதாக நினைத்துப் பலர் அதைத்தான் செய்கிறார்கள். குரல்வளைத் தசை அதில் இன்னும் இறுகிப்போகும். தாழ்ந்த, இயல்பான குரலே போதும்.

தொண்டை வலியும் பெரும்பாலும் இப்படித்தான். பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டி, டான்சிலில் வெள்ளை படர்ந்து, இருமலும் இல்லை என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம். சோதித்து உறுதியானால், கொடுத்த மருந்தைக் கடைசி நாள்வரை கொடுங்கள். அரைகுறையாக விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைக் கெடுக்கும் ஆபத்து உண்டு. வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறது, மூச்சை இழுக்கும்போது சத்தம் வருகிறது என்றால் நாள் கணக்கே கிடையாது. உடனே ஓடுங்கள்.

இனி குரலுக்கு வருகிறேன். ஓர் ஆசிரியை வந்திருந்தார். ஆறு மாதமாகக் கரகரப்பு. "பழகிப்போச்சு டாக்டர்" என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒருமுறை செருமினார். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கித் திரையில் காட்டினேன். வெண்முத்து நிறத்தில் இரண்டு குரல் நாண்கள். இரண்டிலும் ஒரே இடத்தில், எதிரெதிரே, கடுகளவு மேடு. "ஈ என்று சொல்லுங்கள்" என்றேன். நாண்கள் நெருங்கின, மேடுகள் மட்டும் முட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் இடைவெளி நின்றது. உடுக்கை வடிவம். அந்த இடைவெளியில் காற்று ஒழுகித்தான் குரல் உடைகிறது.

பேசும்போது இந்த நாண்கள் பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 முறையும், ஆண்களுக்கு 100, 120 முறையும் மோதுகின்றன. கத்திப் பேசினால் மோதல் இன்னும் பலமாகும். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்புக் காய்க்கிறதல்லவா, அதே கதைதான். செருமுவதும் ஓர் அடிதான்.

இந்த நாண்களை உயிருள்ள மனிதரிடம் தெளிவாகப் பார்க்க வழி காட்டியவர் மருத்துவர் அல்லர் என்பது எனக்கு இன்றும் வியப்பு. மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். குரல் எப்படிப் பிறக்கிறது என்று அறியும் ஆசைதான் அவரைப் பார்க்க வைத்தது.

சரி, கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் நாண்களைப் பார்த்தே ஆக வேண்டும். ஏன்? காதால் கேட்டு மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. காய்ப்பும் கரகரக்கும், இரைப்பை அமிலம் எதுக்களித்துப் புண்ணாக்கினாலும் கரகரக்கும், புற்றுநோயும் கரகரக்கும். நாணிலேயே தோன்றும் புற்றுநோய் வலிக்கும் முன்பே குரலை மாற்றிவிடும். அந்த நிலையில் பிடித்தால் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடியும். புகைபிடிப்பவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: இடப்பக்க நாணை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி மேலே ஏறுகிறது. அதனால் நுரையீரலில் இருக்கும் கட்டி சில சமயம் குரலில்தான் முதலில் தெரியும்.

வாய்க்கும் அதே மூன்று வாரம். சாதாரண வாய்ப்புண் எரியும், சாப்பிட விடாது, ஆனால் ஒன்று, இரண்டு வாரத்தில் ஆறிவிடும். நான் பயப்படுவது வலிக்காத, ஆறாத புண்ணைப் பார்த்துத்தான். புகையிலை, பாக்கு பழக்கம் உள்ளவர்கள் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்கும் அளவு வரவரக் குறைவது, எதுவானாலும் காட்டிவிடுங்கள். அப்புறம், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் வாயில் பூஞ்சை படியும்.

அந்த ஆசிரியைக்கு அறுவை சிகிச்சை செய்யவில்லை. குரல் பயிற்சியாளரிடம் அனுப்பினேன். செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் விழுங்கினார். வகுப்பில் மைக் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்துத் திரையில் பார்த்தபோது ஒரு பக்க மேடு மறைந்திருந்தது, மறுபக்கம் லேசான தடிப்பு மட்டும். "ஈ" என்றார். இந்த முறை நாண்கள் முழுதாக மூடிக்கொண்டன.