ஜெபத்தோடு தொடங்கும் பேரம்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவக் குடும்பமும் இன்றைய பண்பாடும் என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறார்கள். கைப்பேசி, தொலைக்காட்சித் தொடர், குடும்ப ஜெபத்துக்கு வராத பிள்ளைகள் என்று பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் நம் கூட்டங்களில் வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. நான் ஸ்ரீதனத்தை, அதாவது வரதட்சணையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடொன்றில் கல்யாணம் பேசி முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் 'நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்' என்ற வசனம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். பெரியவர் ஒருவர் ஜெபித்துத் தொடங்கிவைப்பார். காபி வரும். 'எங்களுக்கென்று எதுவும் வேண்டாம், உங்கள் பிள்ளைக்குச் செய்வதைச் செய்யுங்கள்' என்பார் மாப்பிள்ளையின் தாயார். வாய் மூடுவதற்குள், மூத்த மருமகள் எத்தனை பவுனோடு வந்தாள் என்பது பேச்சுவாக்கில் வந்து விழும். பிறகு பவுன், ரொக்கம், கார் என்று ஒவ்வொன்றாகச் சீட்டில் ஏறும். எல்லாம் படிந்ததும் மறுபடியும் ஒரு ஸ்தோத்திர ஜெபம். அந்த இரண்டாவது ஜெபத்தைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

இது இன்றைய பண்பாடு கொண்டுவந்த கேடா? இல்லை, பழைய சரக்கு. 1819-லேயே நாகர்கோவிலில் மிஷனரிகள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். பெண்ணைப் படிக்கவைத்ததில் நமக்குப் பெருமை உண்டு, நியாயமான பெருமை. ஆனால் பெண் முதுகலை படித்தால், அதற்கு மேல் படித்த மாப்பிள்ளை வேண்டும். அவருக்குத் தொகையும் அதற்கு மேல். படிப்பு ஸ்ரீதனத்தைக் குறைக்கவில்லை, கூட்டிவிட்டது.

சொத்துரிமையின் கதையும் இதோடு ஒட்டியதுதான். குமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916-இல் வந்தது. சில பிரிவினருக்கு விலக்கு இருந்தாலும், அதன் பொது விதி இதுதான்: மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது மகளுக்கு. ஸ்ரீதனம் வாங்கியவளுக்கு அதற்குமேல் ஒன்றுமில்லை. கேரளத்தில் மேரி ராய் என்ற பெண்மணி வழக்குத் தொடர்ந்தார். 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்று கலாத்தியர் நிருபத்தை வாசித்துவந்த நமக்கு, அதை நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருந்தது. உலகத்தின் போக்கு என்று நாம் அஞ்சுகிறோமே, இந்த ஒரு காரியத்தில் அந்த உலகம் நம்மைவிட வேதத்துக்கு நெருக்கமாக நடந்துகொண்டது.

பெண்ணைப் பெற்றவர்களிடம் போய் 'கொடுக்காதீர்கள்' என்று உபதேசிக்க எனக்கு மனம் வருவதில்லை. கொடுக்காவிட்டால் மகள் வீட்டிலேயே இருந்துவிடுவாளோ என்ற பயம் அவர்களுக்கு உண்மையானது. அவளுக்குச் சேர வேண்டிய பங்கை, அவள் கல்யாணத்தோடு முடிச்சுப் போடாமல், அண்ணன் தம்பிகளுக்கு எழுதும்போதே அவள் பெயருக்கும் எழுதுங்கள் என்று மட்டும் சொல்வேன். கேட்காமல் இருக்கும் வசதி பையனைப் பெற்றவர்களுக்குத்தான் உண்டு. அந்தப் பையனுக்கு இன்னும் அதிகமாகவே உண்டு. பெற்றோர் பேசுகிறார்கள், எனக்கென்ன தெரியும் என்று அவன் ஒதுங்கிக்கொள்வது எந்த வயதுக்கும் அழகல்ல.

சபையும் ஒன்று செய்யலாம். மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்கிறார் போதகர். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். எத்தனை பவுன் என்பது ஆலயத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், யாரும் எழுந்திருப்பதில்லை. அதனால், ஓலைக்குப் பெயர் கொடுக்க வரும் மணமகனைப் போதகர் தனியே உட்காரவைத்து, என்ன வாங்குகிறாய் தம்பி என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம். வணக்கம்.