சதுரங்கப் பலகைக்குள் இருந்த 641

அன்புள்ள மாணவர்களே, பெற்றோர்களே,

சதுரங்கப் பலகையை வைத்து அரசனிடம் நெல்மணி கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு என்று அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் போட்டால் மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள். களஞ்சியம் காலியானதும் கதை முடிந்துவிடும். எண்ணை அங்கேயே விட்டுவிடுகிறோம். அது எனக்கு நெடுநாள் ஆதங்கம். இன்று அந்த எண்ணை உங்கள் கண் முன்னே உடைக்கப் போகிறேன்.

அது 2⁶⁴ − 1. இரு வர்க்கங்களின் வித்தியாசத்துக்குப் பள்ளியில் படித்த முற்றொருமை போதும்: (2³² + 1) × (2³² − 1). பின்னதையும் அதே போலப் பிரிக்கலாம். பிரித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537, கூடவே 4,29,49,67,297.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது? பிரான்சின் துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் ஃபெர்மா, 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒன்றைக் கூட்டி வரும் இந்த வரிசையில் வருவன எல்லாமே பகா எண்கள் என்று 1640-வாக்கில் நம்பினார். 1729-இல் கணிதவியலாளர் கோல்ட்பாக் கடிதம் எழுதி இந்தக் கேள்வியை இன்னொரு கணிதவியலாளரான ஆய்லரிடம் கொண்டுபோனார். 1732-இல் ஆய்லர் விடை தந்தார்: 641 × 67,00,417. நம்பிக்கை உடைந்தது.

இதைக் கண்மூடித்தனமாகத் தேடியிருந்தால் 65,536-க்குள் இருக்கும் 6,542 பகா எண்களையும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் எண்ணின் வடிவமே வழி சொல்கிறது. ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வையுங்கள். அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1-க்குச் சமம். வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ தருவது 1. 64-க்குக் குறைந்த எந்த அடுக்கிலும் 1 வராது. பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வருவதை 2-க்கு அடுக்காக வைத்தாலும் மீதி 1 என்கிறது ஒரு தேற்றம். அப்படியானால் அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்கு கிடைத்தாக வேண்டும். அந்தத் தேற்றம் யாருடையது தெரியுமா? ஃபெர்மாவுடையதே! சாவி அவர் கையிலேயே இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

64-இன் மடங்கோடு ஒன்று கூட்டி வரும் பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை.

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5 × 128 + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். ஆனால் 641 = 625 + 16. அதனால் 5⁴-இன் இடத்தில் −2⁴ என்று எழுதலாம். −2³² என்பது 1-க்குச் சமம் என்று வருகிறது. அதாவது 2³² + 1-க்கு மீதி பூஜ்யம். ஒரு வகுத்தல்கூடப் போடவில்லை பாருங்கள்!

பாதிப் பலகையையும் கவனியுங்கள். முதல் 32 கட்டங்களின் மணிகள் 4,29,49,67,295. அது 3 × 5 × 17 × 257 × 65537. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்க ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவற்றுள் இன்றுவரை அறிந்த மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள்தாம். 1796-இல், பதினெட்டு வயதில், பதினேழு பக்கத்தானை வரைய முடியும் என்று காட்டி அந்த வழியைத் திறந்தவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. 67,00,417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2,588-ஐச் சற்றே தாண்டும். அதன் பகாக் காரணிகளும் அதே 64-இன் வரிசையில்தான் வர வேண்டும். 577 வரை ஏற்கெனவே பார்த்தாயிற்று. வழியில் நம் இராமானுஜனின் 1729 எதிர்ப்படும். 64 × 27 + 1 அது. ஆனால் 7 × 13 × 19 என்று உடைவதால் அதை விட்டுவிடலாம். மிஞ்சுபவை 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழே வகுத்தல்கள். இன்றிரவு வீட்டில், கால்குலேட்டர் இல்லாமல், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏழிலும் மீதி வரும்.