உறங்கும் செல்களை எழுப்புவது

நேயர்களுக்கு வணக்கம். கடுமையாக உடற்பயிற்சி செய்தால் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழும், சில நாட்களில் ஆறியும் விடும். பெரிய காயமானால் சேதமான நார்களைப் புதிதாகவே கட்ட வேண்டும். அந்த வேலை தசை ஸ்டெம் செல்களுடையது; அதாவது, பெருகிப் புதிய தசையாக மாறக்கூடிய மூலச் செல்களுடையது. 1961-இல் அலெக்சாண்டர் மாரோ என்ற அமெரிக்க விஞ்ஞானி தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாருக்கும் அதன் மேலுறைக்கும் இடையே இவை ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

பெரும்பாலும் இவை உறக்கத்தில்தான் இருக்கும். காயம் பட்டதும் விழித்துப் பெருகும். அவற்றில் பல நாரோடு கலந்துவிடும். சில மட்டும் பழைய இடத்துக்கே போய் மறுபடி உறங்கிவிடும். அடுத்த காயத்துக்குக் கைகொடுப்பவை அவைதான்.

டூஷென் தசைச்சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது. டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால் நார்கள் ஓயாமல் உடைகின்றன. ஸ்டெம் செல்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை; தசை இருந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது. 1990-களில் தந்தை அல்லது சகோதரரின் தசை செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, இந்தக் குழந்தைகளுக்கு ஊசியில் செலுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலான செல்கள் இறந்துபோயின. பிழைத்தவையும் ஊசி போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. எத்தனை பெற்றோர் அதை நம்பியிருப்பார்கள்! இன்றும் யாராவது இந்த நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி என்று பணம் கேட்டால், பதிவு செய்யப்பட்ட ஆய்வுதானா என்று முதலில் விசாரியுங்கள்.

ஆய்வகத்தில் பெருக்கிய செல்கள் ஏன் திறனை இழக்கின்றன? வளர்க்கும் தட்டும் ஒரு காரணம். 2010-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் பிளா என்ற ஆய்வாளரின் குழு, விறைப்பான பிளாஸ்டிக்குக்குப் பதிலாக, தசையின் மென்மை கொண்ட ஜெல்லில் எலியின் செல்களை வளர்த்தது. அவை ஸ்டெம் செல் தன்மையைத் தக்கவைத்துக்கொண்டன. இருக்கும் இடத்தின் மென்மையைக்கூட ஒரு செல் உணர்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

சரி, பண்ணைக்கு வருவோம். கன்று பிறக்கும்போதே அதன் தசை நார்களின் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகிவிடும். அப்புறம் நார்கள் பருக்க வேண்டும். அதற்கான புதிய உட்கருக்களைத் தருவது இந்தச் செல்கள். கோழிக்குஞ்சில் பொரித்த முதல் சில நாட்களில்தான் இவை மும்முரமாகப் பெருகும். அப்போது தீனி தாமதமானால் நெஞ்சுத் தசையின் வளர்ச்சி குறையும்.

2013-இல் மார்க் போஸ்ட் என்ற நெதர்லாந்து விஞ்ஞானி லண்டனில் காட்டிய, ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சி பர்கரும் மாட்டின் தசை ஸ்டெம் செல்களில் விளைந்ததே. மருத்துவத்துக்கு உறங்கத் தெரிந்த செல் வேண்டும். இறைச்சிக்கோ, ஏராளமாகப் பெருகி, பிறகு மொத்தமும் நாராக மாற வேண்டும். பலமுறை பிரிந்த செல்லுக்கு நாராகும் திறன் மங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் இறைச்சி வளர்க்கும் ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இதனோடுதான்.